மேல்மண் கவுன்சிலுக்கு, அடிமண் அரசிக்கு

2015 ஜூன் 29, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் வடமேற்கில் பிரெஸ்டன் நகரில் உள்ள கவுண்டி ஹாலில், லங்காஷயர் கவுண்டி கவுன்சிலின் திட்ட அனுமதிக் குழு ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தது. பிளாக்பூலுக்குப் போகும் பிரெஸ்டன் நியூ ரோடு ஓரத்தில், லிட்டில் பிளம்ப்டன் என்ற சிற்றூருக்கு அருகே, நான்கு ஆழ்துளைக் கிணறுகள் தோண்டிப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுத்துப் பார்க்க குவாட்ரில்லா என்ற நிறுவனம் கேட்டிருந்தது. இரைச்சலும், வயல்வெளியின் தோற்றம் கெடுவதும் காரணங்கள் என்று குழு எழுதியது. வெளியே நின்ற கூட்டம் ஆரவாரம் செய்தது. பதினைந்து மாதங்கள் கழித்து, 2016 அக்டோபர் 6 அன்று, லண்டனில் ஒரு அமைச்சர் கையெழுத்திட்ட கடிதம் அந்த முடிவை மாற்றியது.

இந்த இரண்டு தேதிகளுக்கும் முன்னும் பின்னும் லண்டனுக்கும் பிரெஸ்டனுக்கும் இடையே என்னென்ன போய் வந்தன என்பதுதான் இக்கட்டுரை. சட்டங்கள், வழிகாட்டுக் குறிப்புகள், பண வாக்குறுதிகள், கசிந்த கடிதங்கள், கறுப்பு மையால் அழிக்கப்பட்ட பக்கங்கள் என்று பலவும் போய் வந்தன.

நம்மில் பலருக்குக் கவுன்சில் என்றால் குப்பைத் தொட்டியும் கவுன்சில் வரியும்தான். வீட்டின் பின்புறத்தை நீட்டிக் கட்டும்போது மட்டும் 'பிளானிங்' என்ற சொல் நம் வாயில் வரும். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். பிரிட்டனில் முறையாகக் குடியிருக்கும் இந்தியரும் இலங்கையரும், காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வாங்கும் முன்பே வாக்களிக்கலாம். ஆக, வந்தேறியவனுக்கு இந்நாட்டு அரசியலில் கைக்கு எட்டும் முதல் கதவு கவுன்சில். அந்தக் கதவுக்குப் பின்னால் உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது நமக்கும் உரிய கேள்வி.

விடையின் பாதி இரண்டு பழைய சட்டங்களில் இருக்கிறது. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், பிரிட்டனின் நிலத்தடியில் உள்ள எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் முடிக்குச் சொந்தம் என்றது. மேலே உள்ள வயல் யாருடையதாக இருந்தாலும் சரி, கீழே இருப்பது அரசருடையது. தேடவும் எடுக்கவும் உரிமம் தருவது மத்திய அரசு. பிறகு 1947ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் வந்தது. நிலம் வைத்திருப்பவன் நினைத்ததைக் கட்டும் உரிமை அன்றோடு போயிற்று. எதைக் கட்டுவதானாலும் தோண்டுவதானாலும் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். கனிமம் தோண்டும் விண்ணப்பங்கள் கவுண்டி கவுன்சிலுக்குப் போகும். ஆனால் அதே சட்டம் ஒரு பின்வாசலையும் வைத்தது. கவுன்சில் மறுத்தால் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். அமைச்சர் விரும்பினால் வழக்கை ஆய்வாளர் கையிலிருந்து தன் மேசைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே வயலுக்கு இரண்டு எஜமானர்கள். அடியில் உள்ளதற்கு லண்டன் உரிமம் தந்துவிட்டது, மேலே கருவியை நிறுத்த பிரெஸ்டன் இடம் தர வேண்டும். நிலக்கரியும் வடகடல் எண்ணெயும் ஓடிய காலத்தில் இந்தப் பிளவு பெரிதாக உறுத்தவில்லை. கடலுக்குக் கவுன்சில் கிடையாது.

ஷேல் எரிவாயு வந்ததும் உறுத்தியது. நீரையும் மணலையும் வேதிப்பொருள்களையும் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்கும் முறை. காவிரிப் படுகைப் போராட்டங்களில் 'நீரியல் விரிசல்' என்று நாம் படித்ததுதான். 2011 ஏப்ரலில் பிளாக்பூலுக்கு அருகே பிரீஸ் ஹால் என்ற இடத்தில் குவாட்ரில்லா இதைச் செய்தபோது 2.3 அளவில் நிலம் அதிர்ந்தது. மே மாதம் 1.5 அளவில் இன்னொன்று. வேலை நின்றது. 2012 டிசம்பரில் எரிசக்தி அமைச்சர் எட் டேவி தடையை நீக்கி, 0.5 அளவு அதிர்வு வந்தாலே நிறுத்த வேண்டும் என்ற போக்குவரத்து விளக்கு முறையை வைத்தார். 2013இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகம் வட இங்கிலாந்தின் போலண்ட் பாறையில் சுமார் 1,300 டிரில்லியன் கன அடி வாயு இருக்கலாம் என மதிப்பிட்டது. இருப்பது அவ்வளவு, எடுக்க முடிவது எவ்வளவு என்பது வேறு கணக்கு. செய்தித்தாள்களுக்கு அந்த வேறுபாடு அலுப்பூட்டியது. அமைச்சர்களுக்கும் அப்படித்தான் போலும்.

அதே 2013 கோடையில் கவுன்சில்களுக்கு ஒரு வழிகாட்டுக் குறிப்பு வந்தது. தலைப்பிலேயே தூங்க வைக்கும் வகை. ஆனால் படித்துப் பார்த்தால் இந்த வரலாற்றின் மிக முக்கியமான தாள் இதுதான் என்பேன். கிணற்றின் உறுதி, நில அதிர்வு, நீர் மாசு போன்றவற்றை மற்ற ஒழுங்குமுறை அமைப்புகள் பார்த்துக்கொள்ளும். அவை சரியாகச் செயல்படும் என்று எடுத்துக்கொண்டே கவுன்சில் முடிவெடுக்க வேண்டும். எரிவாயு நாட்டுக்குத் தேவையா, அதற்கு மாற்று உண்டா என்று கவுன்சில் யோசிக்கக் கூடாது. லங்காஷயர் குழு இரைச்சலையும் காட்சியையும் பிடித்துக்கொண்டதன் காரணம் இதில் இருக்கிறது. பூமி குலுங்குமோ என்று ஊர் பயந்தது. ஆனால் ஊரின் சபைக்கு லாரிச் சத்தத்தைப் பற்றிப் பேசத்தான் அனுமதி. பின்னாளில் "வேலிச் சத்தத்தையும் புல்வெளி அழகையும் காட்டி நாட்டின் எரிசக்தியைத் தடுக்கிறார்கள்" என்று கேலி செய்தவர்கள், மற்றக் காரணங்களைச் சொல்ல விடாதது யார் என்பதைச் சொல்லவில்லை.

அடுத்து பணம் வந்தது. 2014 ஜனவரி 13 அன்று பிரதமர் டேவிட் கேமரன், ஷேல் எரிவாயுத் தளங்களிலிருந்து வரும் வணிகச் சொத்து வரியில் வழக்கமான பாதிக்குப் பதில் முழுவதையும் கவுன்சில்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். இதற்கு மேல், விரிசல் செய்யும் ஒவ்வொரு சோதனைக் கிணற்றுக்கும் அந்தப் பகுதி மக்களுக்கு ஒரு லட்சம் பவுண்டும், உற்பத்தி தொடங்கினால் வருவாயில் 1 சதவீதமும் தர நிறுவனங்கள் முன்வந்திருந்தன. கவுன்சில்களின் மானியம் ஆண்டுதோறும் வெட்டப்பட்டு, நூலகங்களுக்குப் பூட்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. விண்ணப்பத்தை நடுநிலையாகத் தீர்ப்பளிக்க வேண்டிய சபையின் முன், அனுமதித்தால் உனக்கு இவ்வளவு என்று தட்டு வைத்ததாகவே எதிர்த்தவர்கள் பார்த்தார்கள். தொல்லையைத் தாங்கும் ஊருக்கு ஒரு பங்கு வரட்டுமே என்பது ஆதரித்தவர்கள் வாதம். இரண்டாவது வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நெய்வேலிக்கு நிலம் கொடுத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கவுன்சில்களோடு இப்படி வெளிப்படையாகப் பேசியது போக, அமைச்சர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது 2015 ஜனவரியில் வெளியே வந்தது. நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2014 செப்டம்பரில் சக அமைச்சர்களுக்கு எழுதிய கடிதம் கசிந்தது. ஷேல் துறைக்கான தடைகளை நீக்கும் பணிகளை அவர்கள் தம் சொந்த முன்னுரிமையாகக் கருத வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். லங்காஷயர் விண்ணப்பங்கள் தொடர்பாகக் குவாட்ரில்லா கேட்டவற்றுக்கு விடையளிப்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. விண்ணப்பம் கவுன்சிலில் நிலுவையில் இருந்த நேரம் அது. அந்த ஆண்டே உள்கட்டமைப்புச் சட்டம் நிறைவேறி, 300 மீட்டருக்குக் கீழே நிலத்துக்காரரின் சம்மதம் கேட்காமல் துளைத்துக்கொண்டு போகும் உரிமையைத் தந்தது.

இனி அந்த விண்ணப்பம். 2014 கோடையில் வந்தது. ரோஸ்ஏக்கர் வுட் என்ற இடத்துக்கான இன்னொன்றும் கூடவே வந்தது. 2015 ஜனவரியில் கவுன்சிலின் சொந்தத் திட்ட அதிகாரிகள் இரண்டையும் மறுக்கச் சொன்னார்கள்: ஒன்று இரவு இரைச்சலுக்காக, மற்றது கிராமத்துச் சாலைகளில் லாரிகள் பெருகும் என்பதற்காக. உடனே நிறுவனம் கூடுதல் விவரங்கள் தருவதாகச் சொல்லி ஒத்திவைக்கக் கேட்டது, ஒத்திவைத்தார்கள். பிறகு "கவுன்சில் இழுத்தடிக்கிறது" என்ற புகார் எழுந்தபோது இந்த ஒத்திவைப்பை யார் கேட்டார்கள் என்பது மறந்துபோயிற்று.

ஜூனில் அதிகாரிகள் கருத்தை மாற்றினார்கள். ரோஸ்ஏக்கருக்கு வேண்டாம், பிரெஸ்டன் நியூ ரோட்டுக்குத் தரலாம் என்றார்கள். குழு கூடியது. 24ஆம் தேதி உறுப்பினர்களுக்கு ஒரு சட்ட ஆலோசனை வந்தது. அதிகாரிகளின் பரிந்துரைக்கு எதிராக மறுத்தால் மேல்முறையீட்டில் தோற்கலாம், நியாயமின்றி நடந்ததாகச் சொல்லி எதிர்த்தரப்பின் செலவையும் கவுன்சில் தலையில் கட்டலாம் என்ற எச்சரிக்கை அது. வரிப்பணத்துக்குப் பொறுப்பானவர்களை இதைவிட நன்றாகப் பயமுறுத்த முடியாது. முடிவைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினார்கள். வாரக்கடைசியில் சட்ட ஆலோசனை பகிரங்கமானது, எதிர்த்தரப்பின் வழக்கறிஞர்களும் தங்கள் கருத்தை எழுதினார்கள். வியாழனன்று ரோஸ்ஏக்கரை மறுத்திருந்தார்கள். திங்களன்று இதையும் மறுத்தார்கள்.

இரண்டே நாள் கழித்து, ஜூலை 1 அன்று, லண்டனில் ஒரு அறிக்கை முழுமையாக வெளியானது. ஷேல் எரிவாயு கிராமப்புறப் பொருளாதாரத்தை எப்படிப் பாதிக்கும் என்று சுற்றுச்சூழல் துறைக்குள் 2014இல் எழுதப்பட்ட வரைவு அது. முதலில் வெளியிட்டபோது 63 இடங்களில் கறுப்பு அடித்திருந்தார்கள். தகவல் ஆணையர் உத்தரவிட்ட பிறகே முழுப்பக்கங்கள் வந்தன. துளையிடும் இடத்துக்கு ஒரு மைல் சுற்றளவில் வீட்டு விலை 7 சதவீதம் வரை குறையலாம் என்பதுபோன்ற வரிகள் கறுப்புக்கு அடியில் இருந்தன. அரைகுறை வரைவு, தரம் போதாது என்று துறை சொன்னது. இருக்கலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய கவுன்சிலர்கள் அதைப் படித்துவிட்டு, தரம் போதாது என்று தாங்களே ஒதுக்கியிருக்கலாமே.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கிரெக் கிளார்க். 2010இல் அமைந்த கூட்டணி அரசில் அவர் அதிகாரப் பரவலாக்கத்துக்கான அமைச்சர். முடிவுகள் ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்ற முழக்கத்தோடு வந்த 2011ஆம் ஆண்டின் உள்ளூரியச் சட்டத்தில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2015 மே மாதத்தில் உள்ளாட்சித் துறையின் அமைச்சரானார். ஜூன் 18 அன்று, அதாவது லங்காஷயர் வாக்கெடுப்புக்குப் பதினொரு நாள் முன்பு, அவர் நாடாளுமன்றத்தில் ஓர் எழுத்து அறிக்கை வைத்தார். நிலத்தில் காற்றாலை அமைக்க வேண்டுமானால் உள்ளூர் மக்களின் ஆதரவு இருக்க வேண்டும்; இல்லையென்றால் அனுமதி கிடையாது. ஊரின் சொல்லே இறுதி.

இரண்டு மாதம் போகவில்லை. ஆகஸ்ட் 13 அன்று அவரும் எரிசக்தி அமைச்சர் ஆம்பர் ரட்டும் ஷேல் எரிவாயுவுக்கு அறிவித்தது இது: விண்ணப்பங்களைக் கவுன்சில்கள் 16 வாரத்துக்குள் முடிக்க வேண்டும். தொடர்ந்து தாமதிக்கும் கவுன்சில்களின் பெயர் குறிக்கப்படும். தேவைப்பட்டால் அமைச்சரே எடுத்து முடிவு செய்வார். மேல்முறையீடுகளும் அமைச்சரிடமே வரலாம். ஊரார் காற்றாடியை வேண்டாம் என்றால் மதிப்பு. எரிவாயுக் கிணற்றை வேண்டாம் என்றால் தாமதம்.

நான் பிழைக்கும் கணினித் தொழிலில் எஸ்.எல்.ஏ. என்று ஒன்று உண்டு. இத்தனை மணிக்குள் தீர்க்காவிட்டால் புகார் தானாகவே மேலதிகாரியிடம் ஏறிவிடும். அதில் ஒரு பழைய தந்திரமும் உண்டு: புகாருக்குத் தேவையான விவரங்களைக் கடைசி நாளில் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைக் காட்டுவது. கவுன்சில்களுக்கு வைத்த 16 வாரக் கெடுவைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. பின்னாளில் இனியோஸ் நிறுவனம் டெர்பிஷயரிலும் ராதர்ஹாமிலும் கவுன்சில்கள் உரிய காலத்தில் முடிவெடுக்கவில்லை என்று சொல்லியே மேல்முறையீட்டுக்குப் போய் அனுமதி பெற்றது.

குவாட்ரில்லாவின் மேல்முறையீடு 2016 பிப்ரவரியில் பிளாக்பூல் கால்பந்துக் கழக வளாகத்தில் விசாரணைக்கு வந்தது. வாரக்கணக்கில் நடந்தது. ஊர்க்காரர்கள் சாட்சி சொன்னார்கள். ஆய்வாளர் பிரெஸ்டன் நியூ ரோட்டை அனுமதிக்கவும் ரோஸ்ஏக்கரை மறுக்கவும் பரிந்துரைத்தார். கிளார்க்குக்குப் பின் அத்துறைக்கு வந்திருந்த சஜித் ஜாவித் முதலாவதை அனுமதித்தார். இரண்டாவதில் ஆய்வாளரின் பரிந்துரையை அப்படியே ஏற்காமல், சாலைப் பாதுகாப்புப் பற்றி நிறுவனம் மேலும் சான்று தர அவகாசம் கொடுத்தார். அது கடைசியில் 2019 பிப்ரவரியில்தான் நிராகரிக்கப்பட்டது.

மத்திய அரசின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004 முதல் பிரிட்டன் ஏற்றுமதி செய்வதைவிட அதிக எரிவாயுவை இறக்குமதி செய்கிறது. வடகடல் வற்றுகிறது. ஒவ்வொரு ஊரும் என் வீட்டருகே வேண்டாம் என்றால் மின்கோபுரமும் வராது, சிறைச்சாலையும் வராது, ஏழைக்கு வீடும் வராது. நாட்டுக்குப் பொதுவான தேவைகளை எங்கோ ஓரிடத்தில் வைத்தாக வேண்டும், அதை மேலிருந்துதான் சொல்ல முடியும் என்பதை நான் ஏற்கிறேன். இடறுவது வேறு இடத்தில். உரிமம் கொடுத்ததும், துறையை வளர்க்க நின்றதும், கவுன்சில் எதை யோசிக்கலாம் என்று எழுதியதும், மேல்முறையீட்டில் நீதிபதியாக அமர்ந்ததும் ஒரே அரசு.

யார்க்‌ஷயரில் கதை தலைகீழ். கர்பி மிஸ்பர்டன் என்ற ஊரில் தேர்ட் எனர்ஜி நிறுவனம் கேட்ட அனுமதிக்கு நான்காயிரத்துக்கும் மேல் எதிர்ப்பு மனுக்கள், ஆதரவு 36. வடக்கு யார்க்‌ஷயர் கவுன்சில் 2016 மே மாதத்தில் சரி என்றது. ஆனால் கடைசி ஒப்புதல் லண்டன் கையில். 2018 ஜனவரியில், அப்போது எரிசக்தித் துறைக்கு வந்திருந்த அதே கிரெக் கிளார்க், நிறுவனத்தின் நிதிநிலையைப் பார்க்க வேண்டும் என்று நிறுத்தினார். அங்கே விரிசல் நடக்கவே இல்லை.

2018 மே மாதத்தில் அரசு இன்னும் ஒரு படி போகப் பார்த்தது. சோதனைக் கிணறு தோண்டத் திட்ட அனுமதியே வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் சிறு கொட்டகை போடுவது போல அனுமதிக்கப்பட்ட வேலையாகக் கருதலாம். உற்பத்தியை விமான நிலையம், அணு உலைபோல நாட்டளவிலான திட்டமாக்கி லண்டனே முடிவு செய்யலாம் என்ற யோசனைகள். கொட்டகை ஒப்புமை எதிர்ப்பாளர்கள் சொன்னது. ஆனால் சட்டப் பிரிவு உண்மையிலேயே அதுதான். கன்சர்வேட்டிவ் கவுன்சிலர்களே கொதித்தார்கள். நாடாளுமன்றத்தின் உள்ளாட்சிக் குழு இரண்டும் வேண்டாம் என்றது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம், தேசியத் திட்டக் கொள்கையில் ஷேல் எரிவாயுவை ஆதரித்துச் சேர்த்த பத்தி சட்டப்படி சரியாகக் கலந்தாலோசிக்காமல் சேர்த்தது என்று தீர்ப்பளித்தது.

பிரெஸ்டன் நியூ ரோட்டில் 2018 அக்டோபர் 15 அன்று விரிசல் வேலை தொடங்கியது. அதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன, வேலை நின்று நின்று நடந்தது. 2019 ஆகஸ்ட் 26, வங்கி விடுமுறை நாள் காலையில் 2.9 அளவில் ஒன்று. அலமாரிப் பாத்திரங்கள் ஆடின. நவம்பர் 2 அன்று அரசே இங்கிலாந்து முழுவதும் நிறுத்தி வைத்தது. லங்காஷயர் கவுன்சில் எதை யோசிக்கக் கூடாது என்று 2013இல் சொல்லப்பட்டதோ, அந்தக் காரணத்தால்தான் நின்றது. பத்து நாள் முன்பு தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்குச் சொல்லியிருந்தது: 2011 முதல் பொதுப்பணம் குறைந்தது 3.27 கோடி பவுண்டு, அதில் 1.34 கோடி மூன்று உள்ளூர்க் காவல் படைகளின் செலவு. அத்தனைக்கும் விரிசல் செய்த கிணறுகள் மொத்தம் மூன்று.

சில வாரங்களில், 2020 ஜனவரியில், இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அறிவிக்கை வெளியிட்டது. நெடுவாசலும் கதிராமங்கலமும் போராடி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. கிராம சபைத் தீர்மானங்கள் கோப்புகளில் இருந்தன. அடுத்த மாதமே தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. அங்கே ஊருக்கும் டெல்லிக்கும் நடுவே மாநிலம் என்று ஒன்று இருக்கிறது. லங்காஷயருக்கு அப்படி ஒன்று இல்லை. ஸ்காட்லாந்துக்கு இருந்தது, அங்கே 2015 தொடக்கத்திலேயே எடின்பரோ நிறுத்திவிட்டது.

2022இல் மறுபடியும் ஒரு திருப்பம். உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறியிருந்தது. லிஸ் டிரஸ் பிரதமரானதும், செப்டம்பர் 22 அன்று ஜேக்கப் ரீஸ்-மோக் தடையை நீக்கினார். ஆனால் உள்ளூர்ச் சம்மதம் வேண்டும் என்று பிரதமர் வாக்குக் கொடுத்திருந்தார். சம்மதம் என்றால் என்ன? கவுன்சிலின் வாக்கா, வாக்கெடுப்பா, நிறுவனம் வீடு வீடாகப் போய்க் கேட்பதா? ஒவ்வொரு பேட்டியிலும் ஒவ்வொரு விடை. அக்டோபர் 19 அன்று எதிர்க்கட்சி கொண்டுவந்த விரிசல் தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பில் ஆளுங்கட்சிக்குள் நடந்த தள்ளுமுள்ளைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பீர்கள். மறுநாள் டிரஸ் விலகுவதாக அறிவித்தார். ரிஷி சுனக் வந்ததும் தடை திரும்பியது.

2024இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, விரிசல் முறையை நிரந்தரமாகத் தடை செய்வோம் என்று தேர்தல் அறிக்கையில் சொல்லியிருந்தது. 2025 மே மாதத் தேர்தலில் லங்காஷயர் கவுண்டி கவுன்சிலைக் கைப்பற்றிய ரிஃபார்ம் கட்சியோ, ஷேல் எரிவாயு எடுக்க வேண்டும் என்று தேசிய அளவில் பேசிவரும் கட்சி. பத்தாண்டு முன்பு லண்டன் வேண்டும் என்றது, பிரெஸ்டன் வேண்டாம் என்றது. இப்போது வேண்டாம் என்பது லண்டன்.